ரொட்டிப் பையோடு பூங்காவுக்குப் போனோம்

ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். எல்லோரும் முப்பதைத் தாண்டிவிட்டோம். உங்களில் ஒருத்தி கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். ஒருத்தி வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். இரண்டு பேர் இன்னும் அதே தேயிலைத் தோட்டத்தில், அதே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். நான் நுவரெலியாவில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் இருக்கிறேன். எனக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ரப்பர் முத்திரை உண்டு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்து வேலை செய்யும் முதல் ஆள் நான்தான். இதைக் கொஞ்சம் பணிவாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது வராது.

நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் மழை, அட்டைக்கடி, குளிர், கண்ணீர் என்று எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் நாமும் ஒரு நாள் நல்ல துணி உடுத்தி, டிக்கெட் எடுத்து, பூ பார்க்கப் போயிருக்கிறோம். அதை யாரும் எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன்.

அது ஏப்ரல் மாதம். புதுவருட லீவு. புலமைப்பரிசில் பரீட்சையில் நான் தேறியது உங்களுக்கு நினைவிருக்கும். தலைமை ஆசிரியர் என்னை மேடையில் ஏற்றி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நீங்கள் தட்டினீர்கள். ஆனால் டவுனிலிருந்த பெரிய பாடசாலையில் எனக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. மேன்முறையீடு செய்து, மூன்று மாதம் காத்திருந்து, கடைசியில்தான் கடிதம் வந்தது. இரண்டாம் தவணை தொடங்கும் திங்கட்கிழமை காலையில் பிறப்புப் பத்திரத்தின் மூலப் பிரதியோடு வர வேண்டும், வராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும் என்று அதில் எழுதியிருந்தது. அதை வீட்டில் வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதால் என் கதையை நானே அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. நான் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில், அடைமழையில். பதியவேண்டியவர்கள் பதியவில்லை. எனக்கு ஏழு வயதாகும்வரை அரசாங்கத்தின் கணக்கில் நான் பிறக்கவே இல்லை. அப்பா அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அம்மாதான் மலைக்குப் போகாத நாட்களில் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் பிடித்து, சாட்சி சொல்ல ஆள் கூட்டிக்கொண்டு, மூன்று தடவை அலைந்து அந்தத் தாளை வாங்கி வந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்டதும் இல்லை. பொலித்தீனில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

தேறினால் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய பூங்கா, வாவி, குதிரை, அன்னப் படகு எல்லாம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பாடசாலை தொடங்கும் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை புறப்பட்டோம்.

விடியற்காலையில் அம்மா ரொட்டி தட்டினார். கொச்சிக்காய்ச் சம்பல் அரைத்தார். ரொட்டிகளை வாழையிலையில் கட்டி, மலைக்குக் கொண்டுபோகும் அதே பையில் வைத்தார். உரச் சாக்கில் தைத்த பை அது. காது மட்டும் நீல நைலோன் கயிறு. அப்போது அப்பா தகரப் பெட்டியைத் திறந்து தாள்களை எல்லாம் வெளியே எடுத்தார். எல்லாம் என்றால் எல்லாம்: அடையாள அட்டைகள், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், என் தடுப்பூசி அட்டை, பாடசாலைக் கடிதம், பிறப்புப் பத்திரம்.

பூங்கா பார்க்கப் போக இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டார்.

"டவுன்ல எப்ப யாரு என்ன கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? இருக்கட்டும்" என்றார் அப்பா.

அப்பாவை இளவயதில் ஒரு தடவை பொலிஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டை இல்லை என்று ஒரு பகல் முழுவதும் வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கக்கூசுக்குப் போனாலும் அட்டையோடுதான் போவார் என்று மாமா கேலி செய்வதுண்டு. மாமா என்பது அம்மாவின் தம்பி. நுவரெலியாவில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவர்.

அம்மா ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கி, தாள்களை அடியில் வைத்து, மேலே ரொட்டியை வைத்தார். ரொட்டிக்கு அடியில் எந்தக் கள்ளனும் தேட மாட்டான் என்பது அவருடைய கணக்கு.

தலவாக்கலைவரை பஸ், அங்கிருந்து நானுஓயாவுக்கு ரயில். நான் முதல் தடவையாக ரயில் ஏறினேன். ஜன்னலில் முகத்தை நீட்டி, மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனையை வயிறு நிறைய இழுத்துக்கொண்டேன். வழியெல்லாம் தேயிலை. நம் தேயிலையை ரயிலிலிருந்து பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. தூரத்தில் வரிசையாகக் கொழுந்து எடுப்பவர்கள் தெரிந்தார்கள். எதிரே இருந்த ஒரு குடும்பம் அவர்களைப் படம் எடுத்தது. அம்மா அந்த மலையைப் பார்த்து, அங்கே முற்றல் இலை நிறைய விட்டிருக்கிறார்கள், கங்காணி நல்லா ஏசப்போகிறார் என்று சொன்னார்.

நானுஓயாவிலிருந்து வேன். டவுனில் மாமா கையில் தன் பேக்கரிச் சீனி பனிசுப் பொட்டலத்தோடு நின்றார். அன்று முழுவதும் அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. சிவப்புச் செங்கல்லில், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நின்ற தபால் கந்தோரைக் காட்டி, "வெள்ளக்காரன் தன் பொண்டாட்டிக்குக் கட்டின அரண்மனை. அவ வரல. அதான் கடுதாசி போட்டுப் பாப்போம்னு தபால் கந்தோர் ஆக்கிட்டான்" என்றார். நான் அதை நம்பினேன். ஆறாம் வகுப்பில் கட்டுரையிலும் எழுதி வைத்தேன். சிவப்புப் பேனாவால் அடி வாங்கினேன். மாமா இன்றுவரை அது உண்மை என்றே சாதிக்கிறார்.

பூங்கா வாசலில் கூட்டம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் புதுக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தக் குளிர் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது அப்பா அம்மாவிடமிருந்து பையை வாங்கி, ரொட்டியை ஒதுக்கி, அடியிலிருந்து அடையாள அட்டைகளை எடுத்து டிக்கெட் ஜன்னலுக்குள் நீட்டினார். உள்ளே இருந்த மனிதருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்து, அட்டைகளைத் திருப்பித் தள்ளி, இது பூங்கா, பொலிஸ் அல்ல என்று சிங்களத்தில் சொன்னார். கெட்ட சிரிப்பு அல்ல அது. ஆனாலும் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அப்பாவின் கையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்த ஒரு அடி தூரத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

அட்டைகள் மறுபடி ரொட்டிக்கு அடியில் போயின. பை அம்மாவின் கைக்குப் போனது. நாங்கள் உள்ளே போனோம்.

தோழிகளே, பூ என்றால் நமக்குக் கோவிலில் வைக்கிற பூ, லயத்து வாசலில் பழைய டின்னில் வளர்க்கிற பூ. அங்கே பூக்களை மலை மலையாக நட்டிருந்தார்கள். மஞ்சளுக்கு ஒரு பாத்தி, ஊதாவுக்கு ஒரு பாத்தி. நடுவே ஓடை. வானத்தைத் தொடுகிற மரங்கள். சின்னப் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் பொம்மை ரயில். புல்லை மிதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் நான்கு பேரும் பாதையின் நடுவில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். மலையில் கொழுந்து எடுக்க நிரைக்குப் போகிற மாதிரியே. மாமாதான் "பரவி நடங்க, இங்க கங்காணி இல்ல" என்றார்.

ரோசாப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு படம்பிடிப்பவர் இருந்தார். அவரிடம் ஒரு கொழுந்துக் கூடையும் சிவப்பும் பச்சையுமாகச் சேலைகளும் இருந்தன. கொழும்பிலிருந்து வந்த பெண்கள் சட்டைக்கு மேலே அந்தச் சேலையைச் சுற்றி, கூடையை முதுகில் போட்டு, கொழுந்துக்காரி மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகு சேலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பெண் கூடையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் அரை நாளில் கழுத்து முறியும், தலையில் துணி மடித்து வைத்து அதற்கு மேல்தான் கயிறு வர வேண்டும் என்று அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

படம்பிடிப்பவர் அம்மாவின் கைகளைப் பார்த்துவிட்டார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கொழுந்துச் சாயம் விரல் வெடிப்புகளில் கறுப்பாக இருந்தது.

"தோட்டமாக்கா? இந்தக் கொழும்பு நோனா பக்கத்துல கொஞ்சம் நில்லுங்களேன். கூடையப் போட்டுக்கிட்டு. படம் நல்லா வரும்" என்றார்.

அப்பா, நின்றால் என்ன குறைந்துவிடும் என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் உடுத்தும் மாம்பழ நிறச் சேலை உடுத்தியிருந்தார்.

"இல்ல தம்பி. நாங்க பாக்க வந்திருக்கோம்" என்றார்.

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஓடைப் பாலத்தைத் தாண்டியபோது எனக்குப் பசித்தது. மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா கையைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். மாமாவின் கையில் பனிசுப் பொட்டலம் மட்டும் இருந்தது.

பை இல்லை.

அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. பாலத்துக்கு ஓடினோம், பொம்மை ரயிலுக்கு ஓடினோம், வாங்குகளுக்கு அடியில் குனிந்து பார்த்தோம். மாமா குப்பைத் தொட்டிகளுக்குள் கையை விட்டார். எனக்கு முதலில் ரொட்டி போய்விட்டதே என்றுதான் இருந்தது. பிறகுதான் ரொட்டிக்கு அடியில் இருந்தது ஞாபகம் வந்தது. இன்றைக்கு சனி. நாளைக்கு ஞாயிறு. அதற்கு அடுத்தது திங்கள்.

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "மூணு தரம் அலைஞ்சு வாங்கினேன்னு ஏழு ஊருக்குச் சொன்னியே. ஒரு நாள் பொத்தி வச்சுக்கத் தெரியல."

தாள்களைக் கொண்டுவந்தது யார் என்று அம்மா கேட்டிருக்கலாம். அவர் அடுத்த வாங்குக்கு அடியில் குனிந்தார்.

அப்பாவின் சந்தேகம் படம்பிடிப்பவர்மேல் போனது. அவரிடம் நின்று பேசியபோதுதான் பை போயிருக்க வேண்டும், பேச்சுக் கொடுத்து எடுத்துவிட்டான் என்றார். மாமா தடுத்தார். அப்பா கேட்கவில்லை. நேரே போய் அந்தக் கொழுந்துக் கூடைக்குள் கையை விட்டார். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே இருந்த இலைகள் பிளாஸ்டிக். அதற்குக் கீழே கூடை நிறைந்து தெரிவதற்காகப் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தது. அப்பா அதை எல்லாம் புல்லில் இழுத்துப் போட்டார். ஒன்றும் இல்லை.

படம்பிடிப்பவர் அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து பேப்பர்களைப் பொறுக்கினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். மாமா சொன்னார், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும் என்று.

"நான் ராகல பக்கத்து லயத்துல பொறந்தவன் அண்ணே" என்றார் அவர். "எங்க வீட்லயும் எல்லாப் பேப்பரையும் ஒரு பைக்குள்ள போட்டுத்தான் வச்சிருக்காங்க. அதப் போய் நான் எடுப்பேனா?"

அப்பா கையில் இருந்த பிளாஸ்டிக் இலைகளைக் கூடைக்குள் திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"சரி விடு. படிப்பு இல்லேன்னா என்ன. இன்னும் கொஞ்ச வருசத்துல அம்மாகூட மலைக்குப் போவ. நாங்கல்லாம் பொழைக்கலையா?"

அந்தப் பத்திரம் தொலைந்தால் ஒரு விண்ணப்பம் எழுதி நகல் எடுக்கலாம் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. இன்று என் மேசையின் இடது பக்க இழுப்பறையில் அந்த விண்ணப்பப் படிவங்கள் கட்டாக இருக்கின்றன. யாராவது வெளிறிய முகத்தோடு வந்து நின்றால் அவர்கள் வாய் திறக்கும் முன்னமே ஒன்றை எடுத்து நீட்டுகிறேன். அன்றைக்கு ஒருவரும் நீட்டவில்லை. அப்பா சொன்னது தீர்ப்பு மாதிரி விழுந்தது.

அம்மா அதுவரை தேடிக்கொண்டே இருந்தவர் நின்றார்.

"அவ மலைக்குப் போக மாட்டா" என்றார்.

அப்பாவிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது. மாமாவிடமும் இல்லை. அந்த ரோசாப் பாத்திகளுக்கும் குளிர்ச்சட்டைக்காரர்களுக்கும் பொதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். பொலிசுக்குப் போகிறார் என்று நினைத்து நாங்கள் பின்னால் ஓடினோம். அவர் வாசலுக்கு வெளியே போய், வீதி ஓரத்தில் ஒரு நிமிடம் நின்று, திரும்பி மறுபடியும் உள்ளே வந்தார். டிக்கெட்காரர் தடுத்தார். அம்மா இடுப்பில் செருகியிருந்த டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

உள்ளே வந்தவர் காலையில் வந்த அதே வேகத்தில், எதையும் தேடாமல், சும்மா நடந்தார். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மரம். பெயர் எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் தெரியாது. ஆள் உயரத்தில் கிளை வெட்டிய முளைகள் கொக்கி கொக்கியாக நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இடம் வந்ததும் அம்மாவின் இடது கை தானாக மேலே போனது.

அங்கே நான்கு பைகள் தொங்கின. நான்காவதன் காது நீல நைலோன் கயிறு.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலைக்குப் போனால் நிரையில் இறங்குவதற்கு முன் சோற்றுப் பையையும் தேத்தண்ணிப் போத்தலையும் மேட்டு மரத்தில் மாட்டிவிட்டுத்தானே நம் அம்மாக்கள் இறங்குவார்கள். பகல் சங்கு ஊதும்வரை அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, யாரும் தொடுவதுமில்லை. அம்மா பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் செய்தது அது. பூங்காவின் பாதை தொடங்குகிற இடத்தில் மூன்று பைகள் தொங்குவதைக் கண்டதும் கை தன் பாட்டில் நான்காவதை மாட்டிவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில்தான் நடந்தோம். மூன்று பேரும் பார்த்திருப்போம். நான் நிச்சயமாகப் பார்த்தேன். அந்த நீலக் கயிறு முளையில் விழுந்து ஆடியது கண்ணில் இருக்கிறது. தினமும் பார்க்கிற காரியம் என்பதால் பார்த்ததாகவே தோன்றவில்லை.

மரத்தடியில் பாத்தி கொத்திக்கொண்டிருந்த மூன்று பெண்கள் நிமிர்ந்தார்கள். மற்ற மூன்று பைகளும் அவர்களுடையவை.

"ஒங்களதாக்கா அது?" என்று ஒருவர் கேட்டார். "புதுசா ஆள் போட்டிருக்காங்கன்னு நெனச்சோம். எந்தப் பாத்தி குடுத்திருக்காங்கன்னு தேடிக்கிட்டு இருந்தோம்."

அம்மா பையை இறக்கித் தோளில் போட்டார். சேலையைச் சரிசெய்தார்.

"இன்னைக்கு வேலைக்கு வரலம்மா. டிக்கெட் எடுத்து வந்திருக்கேன்" என்றார்.

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா உடனே வீட்டுக்குப் போகலாம் என்றார். அன்றைக்கு இன்னொரு தடவை தொலைக்க அவருக்குத் தெம்பில்லை. அம்மா மறுத்துவிட்டார். இன்னும் பாதி பார்க்கவில்லை, வாவி பார்க்கவில்லை, பிள்ளைக்குச் சொன்ன சொல் இருக்கிறது என்றார். பாதையில் நடக்காமல் புல்லின்மேல் நேராக நடந்துபோய், நடுப்பூங்காவில் ஒரு வாங்கில் உட்கார்ந்தார். பையைத் திறந்து, ரொட்டியை அப்பாவிடம் கொடுத்து, பொலித்தீன் சுருளை அவிழ்த்து, பிறப்புப் பத்திரத்தை என் மடியில் வைத்தார். வாழையிலை கிழிந்து, பொலித்தீனின் மடிப்பு வழியாக எண்ணெய் இறங்கி, தாளின் ஒரு மூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஊறியிருந்தது.

"படி" என்றார்.

நான் மேலிருந்து வாசித்தேன். பிறந்த திகதி, பிறந்த இடம், தோட்டத்தின் பெயர், என் பெயர், அப்பாவின் பெயர். அம்மா இடையில் நிறுத்தினார்.

"அதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்கம்மா."

அடுத்த வரியில் அம்மாவின் பெயர் இருந்தது. அவருடைய அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுதாக எழுதியிருந்தது. தோட்டத்தில் அவரை இன்னாரின் சம்சாரம், இன்னாளின் அம்மா என்று கூப்பிடுவார்கள். கங்காணி கூப்பிட்டால் ஓர் இலக்கம். அந்த முழுப் பெயரை ஒருவர் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. வாசித்தேன்.

"சத்தமாப் படி."

சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த குளிர்ச்சட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மிச்சத்தையும் கேட்டார். இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழ் என்று இருந்தது.

"இந்தியாவா" என்றார் அம்மா. "நான் கண்டியக்கூட பாத்ததில்ல."

மாமா சிரித்துப் புரையேறி, வாயிலிருந்த பனிசு மூக்கில் ஏறி, தண்ணீருக்கு அலைந்தார்.

அப்பா அந்த நேரத்தில் எழுந்துபோனார். தூரத்தில் படம்பிடிப்பவரிடம் நின்றது தெரிந்தது. நம் லயத்தில் தப்பு என் பேரில் என்று வாயால் சொல்லத் தெரிந்த ஆம்பிளையை நான் கண்டதில்லை. எதையாவது தின்னக் கொடுப்பார்கள். அப்பா அவரிடம் இரண்டு ரொட்டியும் சம்பலும் நீட்டினார். அவர் வாங்கி, நின்றபடியே தின்றார். உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, சும்மா ஒரு படம் எடுத்துத் தருகிறேன், மாமாவின் பேக்கரியில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றார்.

"கூட வேணாம்" என்றார் அம்மா.

"வேணாம்க்கா. இப்பிடியே இருங்க."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சாயம் ஏறிய இரண்டு கைகளையும் மடியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். நான் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். எல்லாப் படத்திலும் முகம் திருப்பிக்கொள்ளும் அப்பா பின்னால் வந்து நின்றார்.

அந்தப் படம் என்னிடம் இல்லை. அவர் பேக்கரியில் கொடுத்ததும் மாமா வாங்கியதும் உண்மை. வாங்கி மா மூட்டைக்கு மேலே வைத்தாராம். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தேயிலைக்காரிகளின் ஆயிரம் படங்கள் இந்த டவுனில் தொங்குகின்றன, ஹோட்டல் சுவரில், தேயிலைப் பெட்டியில், பஸ்ஸின் முதுகில். எல்லோருக்கும் முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. கூடை இல்லாமல் வாங்கில் உட்கார்ந்த ஒருத்தியின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை நம்ம ஆளே தொலைத்துவிட்டார்.

பிறகு வாவிக்குப் போனோம். அன்னப் படகில் ஏறினோம். அம்மா பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிதித்தார். அன்னத்துக்கும் அடையாள அட்டை காட்டினீர்களா மச்சான் என்று மாமா கரையிலிருந்து அப்பாவைக் கேட்டார். அப்பா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு அட்டைகளையும் எடுத்து அந்தப் பிளாஸ்டிக் அன்னத்தின் மூக்குக்கு நேரே காட்டினார்.

திங்கட்கிழமை பெரிய பாடசாலையின் காரியாலயத்தில் ஒருவர் என் பத்திரத்தை வாங்கினார். மூலையிலிருந்த எண்ணெய் வட்டத்தைப் பார்த்து முகம் சுளித்து, இது என்ன என்றார். ரொட்டி என்றேன். அம்மா என் தோளில் கை வைத்தார். காரியாலயக்காரர் அதைக் கோப்பில் போட்டார். அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிடம்.

இப்போது என் காரியாலயத்திலிருந்து அந்தப் பூங்காவுக்கு நடக்கிற தூரம்தான். மழை இல்லாத நாளில் டிக்கெட் எடுத்து, சாப்பாட்டை அங்கே கொண்டுபோகிறேன். மரம் இருக்கிறது. முளைகள் கொஞ்சம் தடித்திருக்கின்றன. அதில் என் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, ஒரு சுற்று நடந்து வந்து, பிறகு எடுத்துச் சாப்பிடுகிறேன். அங்கே வேலை செய்கிற பெண்களின் பைகளும் பக்கத்தில் தொங்கும். யாரும் யாருடையதையும் தொட்டதில்லை.

போன மாதம் புதிதாக வந்த ஒரு மேற்பார்வையாளர் என்னை நிறுத்தினார். என் சேலையைப் பார்த்தார், கழுத்திலிருந்த காரியாலய அட்டையைப் பார்த்தார். மிஸ், அது வேலையாட்கள் பை மாட்டுகிற இடம் என்று சிங்களத்தில், மரியாதையாகத்தான் சொன்னார்.

தெரியும் என்று நானும் சிங்களத்தில், மரியாதையாகவே சொன்னேன். பையை எடுக்கவில்லை.